கூரை விழுந்தபோது யாரும் வரவில்லை

ஐப்பசி அடைமழையில், நம் கடலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றில், தொகுப்பு வீட்டின் கூரைக் காரை நள்ளிரவில் பெயர்ந்து விழுந்தது. கீழே படுத்திருந்த பாட்டிக்குக் காலில் அடி. தலைமாட்டுப் பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி தொடங்கியிருக்கும். மறுநாள் காலை அந்த வீட்டுக்கு எந்த அதிகாரியும் வரவில்லை. ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த கம்பிகளுக்குக் கீழே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, ஐந்து பேர் கொண்ட அந்தக் குடும்பம் மழைக்காலத்தை ஓட்டியது.

தை பிறந்ததும் மருமகள் மகளிர் குழுவில் கடன் எடுத்தார். கொத்தனார் வந்தார். பழைய தளத்தை உடைத்து இறக்கினார்கள். இரண்டு மூலைகளில் பில்லருக்குக் குழி தோண்டிக் கம்பி நிறுத்தினார்கள். நான்காம் நாள் காலையில் ஊராட்சி செயலர் வண்டியில் வந்து இறங்கினார்.

“அனுமதி வாங்கினியாம்மா?”

“எதுக்கு சார் அனுமதி? கவர்மெண்டு கட்டிக் குடுத்த வீடுதானே?”

“பழச யாரு கேட்டா? இப்பக் கட்டுறதுக்குக் கேக்குறேன். புகார் வந்திருக்கு. வேலைய நிறுத்து.”

வேலை நின்றது. வாங்கி வைத்த சிமெண்ட் மூட்டைகள் திண்ணையோரம் கிடந்தன. கூரையில்லாத நான்கு சுவர்களுக்குள் மீண்டும் அதே தார்ப்பாய்.

கூரை விழுந்தபோது வராத அரசாங்கம், கூரை போடும்போது வந்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுதிக் கோபப்பட்டு முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் அந்த வீட்டுக்காக மூன்று அலுவலகங்களுக்கு நாம் நடந்தபோது தெரிந்துகொண்டவை, கோபத்தைவிட நம் மக்களுக்குப் பயன்படும். மாவட்டத்தின் காலனிகளில் இதே நிலையில் எத்தனையோ வீடுகள் நிற்கின்றன. அவற்றில் நாளை யாராவது கடப்பாரையைக் கையில் எடுக்கப்போகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முப்பது வயதான வீடுகள்

ஆதிதிராவிடர் மக்களுக்கு வீடு கட்டித் தரவென்றே 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டது. 1985-86-இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டம், முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வகுக்கப்பட்டது. இவை போன்ற திட்டங்களில்தான் ஓலைக் குடிசையிலிருந்து நம்மில் பலர் கான்கிரீட் கூரைக்கு வந்தோம். அதை நாம் மறுக்கவில்லை. முதன்முதலாகச் சுவரில் ஆணியடித்து அம்பேத்கர் படத்தை மாட்டிய நாள் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்த வீடுகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. ஒப்பந்தக்காரர் கட்டியதில் சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதை உதிரும் சுவரே சொல்லும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. 2015-இல் வெள்ளம் வந்து நாள்கணக்கில் வீட்டுக்குள் நின்றது. இத்தனையையும் தாங்கிய ஒற்றை அறை வீடு பழுதாவதில் வியப்பில்லை. அதைப் பழுது பார்ப்பது ஆடம்பரமும் அல்ல. ஆனாலும் நம் மக்கள் கொத்தனாரைக் கூப்பிடும்போது ஒரு பயம் கூடவே வருகிறது: யாராவது வந்து நிறுத்திவிடுவார்களோ?

நிறுத்த முடியுமா? எப்போது முடியும், எப்போது முடியாது? இதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள்

ஊராட்சிப் பகுதிகளுக்கு 1997-இல் தனியாகக் கட்டட விதிகள் இருந்தன. 2019 முதல் நகரம், கிராமம் எல்லாவற்றுக்கும் சேர்த்து தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஊராட்சியில் வீடு கட்ட அனுமதி தர வேண்டியது ஊராட்சி. தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் அந்த இடத்தில் தனி அலுவலர் இருப்பார். விண்ணப்பம் இப்போது இணையவழியில் போகிறது.

பழைய வீட்டில் செய்யும் எல்லா வேலைக்கும் அனுமதி தேவையில்லை. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். வெள்ளையடிப்பது, சுவருக்குப் பூச்சுப் பூசுவது, தரை போடுவது, கதவு ஜன்னல் மாற்றுவது, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓடு போடுவது, வீட்டுக்குள்ளே ஒரு தடுப்பு வைப்பது போன்றவை சாதாரணப் பழுதுபார்ப்பு. கட்டடத்தின் உள்ளே மட்டும் செய்யப்படும், வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத வேலைகளுக்கு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமே விலக்குத் தருகிறது. இவற்றுக்காக யாராவது வந்து பணம் கேட்டால் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

அனுமதி எப்போது தேவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள நான்கு கேள்விகள் போதும். வீட்டின் பரப்பு கூடுகிறதா? உயரம் கூடுகிறதா? பயன்பாடு மாறுகிறதா, அதாவது வீடு கடையாகிறதா? பழையதை இடித்துவிட்டு மறுபடி எழுப்புகிறோமா? இந்த நான்கில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அனுமதி வாங்கிய பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும்.

நாம் பார்த்த குடும்பம் எங்கே சிக்கியது? பெயர்ந்த காரையை மட்டும் தட்டிவிட்டுப் பூசியிருந்தால் அது பழுதுபார்ப்பு. தளத்தையே இறக்கிவிட்டு, பில்லர் நிறுத்தி, பின்பக்கம் ஆறடி நீட்டித்து, அதன்மேல் புதுத்தளம் போட நினைத்தார்கள். பரப்பும் கூடுகிறது, பெரும்பகுதி இடித்தும் கட்டப்படுகிறது. செயலர் எந்த முறையில் பேசினாலும், அவர் கேட்ட கேள்வியில் சட்டம் இருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே சொல்லும் முக்கியம். பழுதுபார்த்தல், புதுப்பித்தல், மறுகட்டுமானம் என்ற மூன்றையும் பேச்சில் நாம் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். அலுவலகத்தில் அவை மூன்று வேறு பொருள்கள். வெறும் பூச்சு வேலை செய்பவர்கூடப் பெருமையோடு “வீடு புதுசா கட்டுறோம் சார்” என்று சொல்லிவிடுகிறார். மனுவில் எழுதும்போது என்ன வேலை, எத்தனை அடி, எந்தச் சுவர் என்று எழுதுங்கள். பெருமையைப் புதுமனை புகுவிழாப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அனுமதியின் சாவி பட்டாவில் இருக்கிறது

சரி, அனுமதியே வாங்கிவிடுவோம் என்று ஊராட்சிக்குப் போனோம். முதல் கேள்வியே பட்டா. அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரமாக மடித்து வைத்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். மாமியார் பெயரில், அரசு முத்திரையோடு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. கையால் எழுதியது. இணையத்தில் அந்தப் புல எண்ணைத் தேடினால் மாமியார் பெயர் இல்லை. நிலம் இன்னும் துறையின் பெயரிலேயே கிடக்கிறது. பட்டா கொடுத்தவர்கள் அதைக் கிராமக் கணக்கில் ஏற்றவே இல்லை. முப்பது வருடமாக அந்தக் குடும்பம் வீட்டு வரி கட்டுகிறது, கரண்ட் பில் கட்டுகிறது. ஆனால் ஏட்டில் அவர்கள் அங்கே இல்லை.

இது ஒரு வீட்டின் கதை அல்ல. அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1978-இல் வந்தது. அதன்கீழ் நிலம் எடுத்து, மனை பிரித்து, விழா மேடையில் பட்டா கொடுத்தார்கள். மேடையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்ட இடங்கள் பல. நத்தம் நிலவரித் திட்டத்தில் தோராயப் பட்டா வாங்கியதோடு நின்றுவிட்டவர்கள் இன்னொரு பக்கம். பட்டாக்காரர் இறந்துபோய், வாரிசுகள் பெயர் மாற்றாமல் இருப்பது மூன்றாவது வகை. வீட்டு வரி ரசீதும் மின் அட்டையும் நாம் அங்கே குடியிருப்பதைக் காட்டும். அவை உரிமைச் சான்று ஆகிவிடாது.

தமிழ் படித்தவர்கள் என்பதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பிரிவினை இழிவானது. ஆனாலும் இங்கே ஒரு சேரி இருக்கிறது, இவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள் என்பதாவது கல்லில் இருந்தது. கணினி வந்த காலத்தில் அந்தப் பதிவுகூட இல்லாமல் போனால் எப்படி?

ஆகவே, வீட்டில் கை வைப்பதற்கு முன் பட்டாவில் கை வையுங்கள். உங்கள் புல எண்ணை இணையத்தில் பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. பெயர் இல்லையென்றால் வட்டாட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கும் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பட்டாக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி இதற்கென்றே உள்ள நாள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, ‘என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

புகார் எங்கிருந்து வந்தது?

புகார் வந்திருக்கிறது என்றாரே, யார் கொடுத்தது? நாங்கள் கேட்டோம். செயலர் பெயர் சொல்லவில்லை. எழுத்தில் இருக்கிறதா என்றோம். போனில் வந்தது என்றார். வேலையை நிறுத்தச் சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்றோம். “பார்க்கலாம்” என்றார். அந்தக் காகிதம் கடைசிவரை வரவில்லை.

பில்லர் எழும்பினால் நாளை மாடி எழும்பும். காலனியில் மாடி எழும்பினால் ஊர்த்தெருவில் சிலருக்குத் தூக்கம் வராது. இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் ஓடு போடக் கூடாது, திண்ணை வைக்கக் கூடாது என்ற தடைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1930-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது. வீட்டுக்குள் என்ன பானை இருக்கிறது என்பதுவரை எட்டிப் பார்த்த கண்கள், வீட்டுக்கு மேலே எழும்பும் கம்பியைப் பார்க்காமல் இருக்குமா? அன்று தடையைப் பஞ்சாயத்தில் கூடிச் சொன்னார்கள். இன்று போன் போட்டு, “அனுமதி இருக்கான்னு பாருங்க சார்” என்கிறார்கள்.

அதே ஊரின் கடைத்தெருவில் சாலையை விழுங்கி நீட்டிய கடை முகப்புகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அனுமதி இருக்கிறதா என்று எந்தப் போனும் போகவில்லை.

இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படியுங்கள். பட்டியல் சாதியினருக்குத் தீங்கோ தொல்லையோ நேரும்படி ஓர் அரசு ஊழியர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்காக, அவரிடம் பொய்யான அல்லது அற்பமான தகவல் கொடுப்பது பிரிவு 3(1)(கியூ)-இன்படி குற்றம். நிலம், வீடு ஆகியவற்றில் நமக்குள்ள உரிமையை அனுபவிக்கவிடாமல் குறுக்கிடுவது 3(1)(ஜி)-இன்படி குற்றம். விசாரிக்க வேண்டியவர் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். புகார் பொய்யாக இருந்தால்தான் இந்தப் பிரிவு நமக்குக் கைகொடுக்கும். அனுமதி வாங்க வேண்டிய வேலையை வாங்காமல் தொடங்கிவிட்டு, புகார் கொடுத்தவர்மீது வழக்குப் போட நினைத்தால் வழக்கு நிற்காது. நம்மிடம் காகிதம் இருக்கும்போதுதான் எதிராளியின் சாதி வன்மம் வெளிச்சத்துக்கு வரும். இல்லாதவரை அந்த வன்மம் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அனுமதி வாங்குங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

நடூரை மறக்க முடியாது

இரண்டாவது காரணம் உயிர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில், தனியார் ஒருவரின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்திலிருந்த வீடுகள்மீது விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நம் மக்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். முறையீடு அந்தச் சுவரைத் தடுக்கவில்லை.

கட்டட விதி என்பது யாருக்காக இருக்க வேண்டும் என்பதற்கு நடூரைவிடப் பெரிய சாட்சி இல்லை. விதி ஒழுங்காக வேலை செய்தால் முதலில் பிழைப்பது பலவீனமான கூரையின் கீழ் படுத்திருப்பவர்கள்தான். ஆகவே, எங்களுக்கு விதியே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. பெரிய சுவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் கூரைக்கு மட்டும் திறக்கும் விதி வேண்டாம் என்கிறோம்.

நம் பக்கமும் கவனம் தேவை. முப்பது வருடத் தொகுப்பு வீட்டுச் சுவர், தன் கூரையைத் தாங்கவே திணறுகிறது. பையனுக்குக் கல்யாணம் என்று அதன் தலையில் இன்னொரு அறையைத் தூக்கி வைக்கிறோம். கீழே கடக்கால் எவ்வளவு ஆழம் என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே ஏற்றுவதற்கு முன் படித்த பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். நம் தெருக்களிலேயே சிவில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமையை அவர்கள் காலனிக்குத் தரலாம்.

கதவு இருக்கிறது, நமக்குத் திறக்கவில்லை

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால், உரிய ஆவணங்களை இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி உடனே கிடைக்கும். முன்கூட்டியே கள ஆய்வு இல்லை. பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. நம் மனையின் அளவைப் பாருங்கள். கிராமத்தில் வழக்கமாகக் கொடுத்தது மூன்று சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி. மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 435 சதுர அடி. பரப்பளவைப் பார்த்தால், இடித்துக் கட்ட நினைக்கும் காலனி வீடு எல்லாமே இந்தத் திட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஏற்ற வேண்டிய முதல் ஆவணமே பட்டா. அது கணக்கில் ஏறவில்லை என்றால், விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டியதுதான்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது குடிசைவாசிகளுக்கானது. ஏட்டில் நமக்குக் கான்கிரீட் வீடு இருக்கிறதே! இடிந்து விழும் வீடானாலும் ஏட்டில் அது கான்கிரீட் வீடுதான். இந்த இடைவெளியை உணர்ந்துதான் 2001-க்கு முன் அரசு கட்டிக் கொடுத்து, பழுது பார்க்க முடியாத நிலையில் உள்ள வீடுகளுக்குப் பதிலாக 25,000 வீடுகள் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையில் 600 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். உங்கள் காலனியில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நாம் கேட்பவை

மாவட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும் நாம் கேட்பவை ஐந்து.

ஒன்று, அரசே கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு அவை இருக்கும் நிலையிலேயே அங்கீகாரச் சான்று தர வேண்டும். அரசு கட்டிய சுவருக்குக் குடியிருப்பவர் அனுமதி காட்ட வேண்டும் என்பது நியாயமில்லை.

இரண்டு, காலனிதோறும் ஒரு நாள் முகாம். வட்டாட்சியர், தனி வட்டாட்சியர், நில அளவர், வி.ஏ.ஓ., ஊராட்சி செயலர் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு அலுவலகத்தில் அவர்கள் இருப்பதால்தான், கூலி வேலையை விட்டுவிட்டு நாம் ஐந்து நாள் நடக்கிறோம். கணக்கில் ஏறாத பட்டாக்கள் அங்கேயே ஏற்றப்பட வேண்டும்.

மூன்று, பக்கவாட்டில் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துக் கட்டிக்கொள்ள இடமளிக்கும் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்ற வகை கட்டட விதிகளில் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் காலனிகளை அந்த வகையில் சேர்க்க வேண்டும். ஒரு சென்ட் மனையில் பக்கத்துக்குப் பக்கம் இடம் விடச் சொன்னால் வீட்டில் நிற்க மட்டும்தான் முடியும், படுக்க முடியாது.

நான்கு, ஒரு சென்ட், ஒன்றரை சென்ட், மூன்று சென்ட் மனைகளுக்கான மாதிரி வரைபடங்களை ஊராட்சி அலுவலகத்திலேயே இலவசமாகத் தர வேண்டும்.

ஐந்து, வேலையை நிறுத்தச் சொல்லும் எந்த உத்தரவும் எழுத்தில், விதி எண்ணோடு, கையெழுத்தோடு வர வேண்டும். வாயால் சொல்லும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால்தான் அது வாயால் சொல்லப்படுகிறது.

நம் மக்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. உடைக்கும் முன் வீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பழைய அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது, “நீட்டிக் கட்டிட்டான்” என்றால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும். எந்த மனுவானாலும் நகலில் ரசீது முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அந்த வீட்டுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வைகாசி ஜமாபந்தியில் கொடுத்த மனுவில் பட்டா கணக்கில் ஏறியது. வாரிசுச் சான்றோடு பெயர் மாறியது. அதன் பிறகு அனுமதி வந்தது. ஆவணியில் தளம் போட்டார்கள். அன்றைக்கு நாங்களும் போயிருந்தோம். தையில் வாங்கிய சிமெண்ட் மூட்டைகள் அதற்குள் கல்லாக இறுகிப்போயிருந்தன. குழுக்கடனில் அதற்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. “தூக்கிப் போட மனசு வரல” என்று சொல்லி அக்கா அவற்றை வாசலில் படியாகப் போட்டிருந்தார். பாட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அனுமதி வந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

அடுத்த ஐப்பசிக்கு முன் எத்தனை காலனி வீடுகளுக்கு அந்தக் காகிதம் கிடைக்கும் என்பதுதான் இப்போது கேள்வி. மழை விண்ணப்பம் பார்த்து வருவதில்லை.